23 நிறம் போட்டும் என் அப்ளிக் போர்வை மங்கலாகத் தெரிவது ஏன்?

கேள்வி (வாசகி ஒருவர்), 2023 ஜூன் 7

ஒன்றரை வருடம் கையாலேயே தைத்த போர்வை. பூ, இலை, மயில், மாங்காய் என்று துணியில் வெட்டி, அடித்துணி மேல் வைத்து ஓரம் தைக்கிற அப்ளிக் வேலை செய்தேன். எண்ணிப் பார்த்தால் 23 நிறம். கிட்டே போனால் ஒவ்வொன்றும் அழகாக இருக்கிறது. கட்டிலில் விரித்து நாலடி தள்ளி நின்றால் கூட்டாஞ்சோறு மாதிரி இருக்கிறது. துணி எல்லாம் புதுசு, சாயமும் போகவில்லை. “மிஷினில் ஜிக்ஜாக் அடித்திருந்தால் பளிச்சென்று இருந்திருக்கும்” என்கிறான் என் மகன். கையால் தைத்ததுதான் தப்பா?

ஜூன் 8

பதில்: கையில் தப்பில்லை. நீங்கள் போட்ட படத்தை ஃபோனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். மயில் எங்கே, மாங்காய் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. எல்லாம் ஒரே சாம்பல். ஆரஞ்சு, கிளிப்பச்சை, ராணி பிங்க் எல்லாம் பெயரில்தான் வேறு வேறு. இருட்டு வெளிச்சம் என்று பார்த்தால் மூன்றும் ஒரே படியில் உட்கார்ந்திருக்கின்றன. தூரத்தில் நிற்கும் கண் முதலில் அந்தப் படியைத்தான் பிடிக்கிறது, நிறம் அப்புறம்தான்.

நானும் இதில் விழுந்து எழுந்தவள்தான். என் முதல் போர்வை சந்தன நிறத் துணியில் மஞ்சள் செவ்வந்தி. நாற்பது பூ. வீட்டுக்கு வந்த உறவுக்காரர் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, “ஏதோ பூப்போட்டுத் தைக்கிறேன்னு சொன்னியே, எங்கே?” என்று கேட்டார்.

ஜூன் 8, இரவு

காலையில் சொன்னதில் ஒரு திருத்தம். ஃபோனை முழுசாக நம்ப வேண்டாம். அடர்ந்த சிவப்பை ஒரு ஃபோன் கறுப்பாகக் காட்டுகிறது, இன்னொன்று நடுச் சாம்பலாகக் காட்டுகிறது. என் ஃபோனிலும் தங்கை ஃபோனிலும் ஒரே துணியைப் படம் எடுத்து மாற்றிப் பார்த்தோம், இரண்டும் வேறு. கண்ணைப் பாதி மூடி இமை வழியாகப் பார்ப்பதே மேல். சாயங்காலம் விளக்குப் போடும் முன் அரை இருட்டில் பார்த்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் எது மறைகிறதோ அது பகலிலும் உதவாது.

ஜூன் 11

“அப்படியென்றால் எத்தனை நிறம் போடலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. ஆனால் தேரைப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

நான் கும்பகோணத்துக்காரி. தேர்ச்சீலை தைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து முடித்தால் 96 அடி. அதில் கட்டுகிற சீலையில் என்ன தைத்தாலும் கீழே வடம் பிடிக்கிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தேர் அசைந்துகொண்டிருக்கும்போது, பங்குனி வெயிலில், கண் கூசுகிற நேரத்தில் தெரிய வேண்டும். ஓரத்தில் உருளை உருளையாகத் தொங்கி ஆடுமே தொம்பை, அதிலும் அப்படித்தான். நான் பார்த்தவை எல்லாம் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்பு அல்லது நீலம், அவ்வளவுதான். யாளிக்கும் கிளிக்கும் தாமரைக்கும் அதே ஐந்தாறு நிறங்களைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

ஒருமுறை தைக்கிற இடத்துக்கே போய் நின்றேன். சிவப்புத் துணியில் பச்சைக் கிளியை வைத்துக்கொண்டிருந்தார் பெரியவர். நேராக வைக்கவில்லை. முதலில் வெள்ளைத் துணியில் கிளியைச் சற்றுப் பெரிதாக வெட்டி வைத்து, அதன் மேல் பச்சைக் கிளி. சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு மிஞ்சியது. ஏன் என்று கேட்டேன். “செவப்பும் பச்சையும் ஒட்டி உக்காந்தா சண்டை போடும்மா. நடுவுல ஒரு ஆள் வேணும்.”

ஒடிசாவின் பூரியில் இன்னும் கறார். ஜகந்நாதர் தேருக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரர் தேருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரை தேருக்குச் சிவப்பும் கறுப்பும். ஒரு தேருக்கு இரண்டே நிறம். அந்த ஊர் அப்ளிக் வேலைக்குப் பேர்போன பிப்பிலி, புவனேஸ்வரத்திலிருந்து பூரி போகிற வழியிலேயே இருக்கிறது. கடைவாசல் முழுக்கக் குடையும் விதானமுமாகத் தொங்கும். பஸ் ஓடும்போதே ஒவ்வொரு உருவமும் தெரிகிறது.

கடவுளுக்கே இரண்டு நிறம் போதுகிறது. நமக்கு 23.

ஜூன் 12

மேலே எழுதியதைப் படித்துவிட்டு “அப்போ உங்கள் போர்வையைக் காட்டுங்கள்” என்று மூன்று பேர். நியாயம்தான். தங்கை மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த ஊர்க் குளிருக்கு ஒன்று தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இங்கேயே எழுதிக்கொண்டு வருகிறேன். சொதப்பினால் அதையும் எழுதுகிறேன்.

ஜூன் 15

கணக்கு: 14 அங்குலச் சதுரம், குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு. மொத்தம் 12. அது 42க்கு 56. சுற்றிலும் 9 அங்குலக் கரை. ஆக 60க்கு 74. ஒரு ஆள் தாராளமாகப் போர்த்தலாம்.

அடித்துணி காடா. வெளுக்காத அந்தப் பழுப்பு வெள்ளை எனக்குப் பிடிக்கும். இருட்டுப் பக்கம் அரக்குச் சிவப்பு, பாட்டில் பச்சை, கருநீலம். நடுவில் கிளிப்பச்சை. வெளிச்சப் பக்கம் மஞ்சள், வெள்ளை. ஆறே நிறம். மஞ்சளை நேராகக் காடா மேல் வைக்கக் கூடாது, ஏதாவது ஒரு இருட்டுத் துணியின் முதுகில்தான் அது ஏற வேண்டும் என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். செவ்வந்தி கற்றுக்கொடுத்தது.

உருவம் ஆறு, ஒவ்வொன்றும் இரண்டு தடவை: கிளி, தாமரை, அன்னம், மாங்காய், வாழை, யாளி. யாளியை மூன்று தாளில் வரைந்து பார்த்தேன். மூன்றும் நாய்க்குட்டி.

ஜூன் 16

நாய்க்குட்டியே இருக்கட்டும் என்கிறாள் போர்வைக்குச் சொந்தக்காரி. “பெரியம்மா, யாளியெல்லாம் பெங்களூர்ல யாருக்குத் தெரியும்?” சரி.

ஜூன் 19

துணி வாங்க வெளிநாட்டு க்வில்ட் துணியெல்லாம் தேட வேண்டாம். ஜாக்கெட் பிட் விற்கும் மேட்சிங் சென்டருக்குப் போங்கள். டூ பை டூ ரூபியாவில் ஒரே சிவப்பில் பதினெட்டுச் சிவப்பு அடுக்கி வைத்திருப்பான். நெசவு நெருக்கம், மெல்லிசு, விரலால் மடித்தால் மடிந்த இடத்தில் நிற்கும். புடவையை எடுக்காமல் வெறும் கையோடு போனால் கடைப்பையன் முகம் மாறும். “எந்தப் புடவைக்குக்கா?” “புடவைக்கு இல்லப்பா, கிளிக்கு.”

ஒரே ஒரு எச்சரிக்கை. பார்க்க ரூபியா மாதிரியே பாலியெஸ்டர் கலந்ததும் இருக்கிறது. விலையில் கொஞ்சம் மலிவு. அதன் ஓரம் மடியாது, மடித்தாலும் வில் மாதிரி எழுந்துகொள்ளும். வீட்டுக்கு வந்து ஓரத்தில் நாலு இழை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, தொட்டால் உதிர்கிற சாம்பல். கலப்பு என்றால் உருகி நுனியில் மணி மாதிரி உருண்டை கட்டும். நான் வாங்கிய ஆறில் கிளிப்பச்சை மணி கட்டியது. அது இப்போது தலையணை உறைக்கு லைனிங்.

ஜூன் 23

முதல் சொதப்பல். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது.

அப்ளிக் தைக்கத் தைக்க அடித்துணி உள்வாங்கும். அதனால் 14 அங்குலச் சதுரத்துக்கு, தையலுக்கு விடுவதையும் சேர்த்து 14½ வேண்டுமென்றால், 15½ ஆக வெட்டித் தைத்து முடித்த பிறகு அளவுக்கு நறுக்க வேண்டும். காடா 48 அங்குலப் பன்னா, அதாவது துணியின் அகலம். மூன்று சதுரம் 46½. ஒன்றரை அங்குலம் மிச்சம்கூட இருக்கிறது என்று குஷியாக வாங்கி வந்தேன். துவைத்துக் காயப்போட்டு அளந்தால் 45½. கஞ்சி போன காடா சுருங்கும் என்று தெரியாதவளா நான்? தெரியும். கணக்குப் போடும்போது மட்டும் மறந்துபோனது.

மறுபடி வாங்க மனமில்லை. 15 ஆக வெட்டிவிட்டேன். அரை அங்குலத்தில் என்ன குடிமுழுகிவிடும்?

ஜூலை 2

சாயம் பற்றிக் கேட்டவருக்கு. கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லார் வீட்டிலும் சொல்வார்கள். நானும் இருபது வருடம் சொன்னேன். சாயம் காய்ச்சும் தொட்டியில் உப்புக்கு வேலை இருக்கிறது, சாயத்தை நூலுக்குள் தள்ளும். படிகாரமும் சாயம் காய்ச்சும்போதோ அதற்கு முன்போ சேர்க்க வேண்டியது, அதுவும் இயற்கைச் சாயத்துக்கு. கடையில் வாங்கி வந்த துணியில் ஒட்டாமல் மேலே கிடக்கும் சாயத்தை இரண்டுமே பிடித்து வைக்காது. அது போகும் வரை வெந்நீரில் அலசுவதுதான் வழி. ஐந்து தடவையோ எட்டுத் தடவையோ, தண்ணீர் தெளியும் வரை. கடைசியில் ஈர வெள்ளைக் கைக்குட்டையை மேலே வைத்து இஸ்திரி போடுங்கள். கைக்குட்டை வெள்ளையாகவே எழுந்தால் தைக்கலாம்.

இத்தனை ஞானமும் நேற்று வந்தது. அம்மாவின் பழைய மதுரைச் சுங்குடியில் ஒரு சிவப்பு. இருபத்தைந்து வருடம் துவைத்த புடவை, இனி என்ன போகப்போகிறது என்று அலசாமலேயே தாமரை இதழ் வெட்டினேன். தைத்து முடித்து ஈரம் தெளித்து இஸ்திரி போட்டால், இதழுக்குக் கீழே காடாவில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம். குளிர்ந்த தண்ணீரில் உடனே போட்டு மாற்றி மாற்றி அலசியதில் முக்கால்வாசி போனது. மிச்சக் கறையின் மேல் ஒரு இலை வைத்துவிட்டேன். அந்தத் தாமரைக்கு மட்டும் ஒரு இலை கூடுதலாக இருக்கும். கண்டுபிடிக்கிறவர்கள் சொல்லாமல் இருந்தால் நல்லது.

அம்மாவுக்கு வேறு வருத்தம். நல்ல துணியை வெட்டி ஒட்டுப்போடுகிறேனாம். “ஒட்டுப்போட்ட துணி வீட்டில் இருந்தா தரித்திரம்னு எங்கம்மா சொல்லும். நீ காசு குடுத்து ஒட்டுப்போடுறியேடி.”

ஜூலை 16

கிளி மூக்கு. மூன்று பேர் கேட்டதால் விரிவாக.

முதலில் அளவு. உருவத்தின் கோட்டைத் துணியின் மேல் பக்கமே பென்சிலால் லேசாக வரைந்து, கோட்டுக்கு வெளியே ஒன்றரை நூல் விட்டு வெட்ட வேண்டும். நூல் என்றால் இழை இல்லை, கொத்தனார் சொல்கிற நூல், அங்குலத்தில் எட்டில் ஒன்று. இரண்டு நூல் விட்டால் வளைவில் மொத்தையாகும். ஒரு நூல் விட்டால் பிரிந்து வரும்.

ஊசி பத்தாம் நம்பர். எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பது புதிதாக வருகிறவர்களுக்கு. ஒட்டுத் துணி என்ன நிறமோ அதே நிற நூல்தான், அடித்துணி நிறம் இல்லை. ஒரு முழத்துக்கு மேல் நூல் எடுத்தால் சிக்கும்.

மூக்கில் தொடங்காதீர்கள். முதுகில், வளைவு மெதுவாகப் போகும் இடத்தில் தொடங்குங்கள். ஊசியின் முனையால் குத்தாமல் அதன் பக்கத்தால் ஓரத்தை உள்ளே கூட்டித் தள்ள வேண்டும், பாயைச் சுருட்டுகிற மாதிரி. பென்சில் கோடு மறைகிற அளவுக்கு மடித்து, இடது கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மடிப்பின் விளிம்பில் இரண்டே இழையைப் பிடித்து எம்மிங் மாதிரி ஒரு தையல். ஊசி இறங்குவது மடிப்புக்கு நேர் கீழே. தள்ளி இறங்கினால் தையல் எறும்புக் கால் மாதிரி வெளியே தெரியும். அங்குலத்துக்கு 12 தையல் எனக்கு வருகிறது.

மூக்குக்கு வந்தால் மேல் பக்கம் வெளிவளைவு, கீழ்ப் பக்கம் உள்வளைவு, நடுவில் கூர். வெளிவளைவுக்குக் கத்திரி வேண்டாம். நுனி வரைக்கும் தைத்து, சரியாக நுனியிலேயே இன்னொரு தையல் போட்டு நிறுத்துங்கள். இப்போது ஏற்கெனவே மடித்த துணி மறுபக்கம் நாய்க்காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கத்திரித்து, மிச்சத்தை ஊசியால் நுனிக்கு அடியில் செருகி, நூலை வெளிப்பக்கமாகச் சுண்டி இழுத்தால் கூர் எழுந்து வரும். இந்த ஒரு நொடிக்காகத்தான் நான் கையால் தைக்கிறேன் போல. அப்புறம் உள்வளைவு. கோட்டுக்கு ஒரு மயிரிழை வரைக்கும் மூன்று இடத்தில் சின்ன வெட்டு. வெட்டினால் உடனே தைத்துவிட வேண்டும். வெட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனால் ரூபியா பிரியும்.

ஜூலை 17

முக்கியமானதை விட்டுவிட்டேன். கீழே இருப்பதை முதலில் தைக்க வேண்டும். கிளைதான் முதலில், கிளி பிறகு. கிளியின் கால் கிளை மேல் வருவதால் கிளையின் அந்த ஓரம் மடிக்கவே வேண்டாம், கிளி மூடிக்கொள்ளும். என் இரண்டாவது கிளியை முதலில் தைத்துவிட்டேன். அது இப்போது பறக்கிறது.

ஆகஸ்ட் 6

உங்கள் மகன் சொன்ன மிஷின் கதைக்கு வருவோம். பலர் இங்கே கை வேலைதான் உயர்ந்தது என்று கொடி பிடித்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பக்தி கிடையாது.

ஹேரியட் பவர்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண்மணி. 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளை அப்ளிக்கில் சொல்லும் ஒரு போர்வை செய்து 1886இல் ஏதென்ஸ் என்ற ஊரின் பருத்திச் சந்தையில் வைத்தார். அதைப் பார்த்து ஆசைப்பட்ட ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது கொடுக்கவில்லை. சில வருடம் கழித்துக் கஷ்டம் வந்து, பத்து டாலர் சொல்லி ஐந்துக்குக் கொடுத்தார். அந்தப் போர்வை இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். இன்னொன்று பாஸ்டன் அருங்காட்சியகத்தில், 15 கட்டங்கள். அதில் ஒரு கட்டம் 1833இல் வானத்திலிருந்து எரிநட்சத்திரம் மழையாகக் கொட்டிய இரவு. அவர் பிறப்பதற்கு நாலு வருடம் முன்பு நடந்தது, கேட்டுத் தெரிந்ததைத் தைத்திருக்கிறார்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஸ்மித்சோனியனில் இருக்கும் போர்வையில் கைத்தையலும் இருக்கிறது, மிஷின் தையலும் இருக்கிறது. அவருக்கு அந்தச் சண்டையே இல்லை. படங்களில் பாருங்கள், உருவங்கள் வெளிர்ந்த கட்டத்தில் இருட்டாக, இருட்டுக் கட்டத்தில் வெளிர்ந்து நிற்கும். சாயம் இவ்வளவு வெளுத்த பிறகும் யார் ஆள், எது மிருகம் என்று தெரிகிறது.

ஆக மிஷினில் ஜிக்ஜாக் அடித்திருந்தாலும் உங்கள் மயில் மாங்காயோடு கலந்துதான் போயிருக்கும்.

ஆகஸ்ட் 7

யோசித்தால் மகன் சொன்னதில் பாதி உண்மை. ஜிக்ஜாக் கறுப்பு நூலில் அடித்திருந்தால் உருவத்தைச் சுற்றி ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடே பிரித்துக் காட்டியிருக்கும். தேர்ச்சீலைப் பெரியவர் வைத்த வெள்ளைக் கோடு மாதிரி. அவனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். பாதி மன்னிப்புதான்.

செப்டம்பர் 10

ஐந்து சதுரம் முடிந்தது. ஒன்றுக்கு ஒன்பது பத்து மணி நேரம் ஆகிறது. தாமரைக்குப் பதினான்கு. நாய்க்குட்டிக்கு நாலே மணி நேரம், அதுதான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 1

ஹவாய்ப் போர்வை பற்றி ஒருவர் கேட்டார். ஒரு கட்டில் அளவுத் துணியையே எட்டாக மடித்து, நாம் காகிதத்தில் பூ வெட்டுவது போல ஒரே வெட்டாக வெட்டி, பிரித்து அடித்துணி மேல் வைத்துத் தைப்பார்கள். பெரும்பாலும் இரண்டே நிறம், ஒன்று வெள்ளை. அவர்களுக்கு ரொம்பப் பிடித்த உருவம் உலு மரத்தின் இலையும் காயும். எந்த மரம் என்று பார்த்தால் நம் சீமைப்பலா. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு ஈரப்பலா. விரல் விரித்த மாதிரி அந்த இலை, மடித்து வெட்டுவதற்கென்றே படைத்தது.

அவர்களிடமிருந்து ஒன்று திருடுகிறேன். மேலே அப்ளிக் செய்தது, நடுவில் வைப்பது, கீழ்த்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது உருவத்தைச் சுற்றி, அதன் வடிவத்திலேயே, வரி வரியாக வெளியே போவார்கள். குளத்தில் கல் போட்ட மாதிரி. கிளியைச் சுற்றி அப்படிச் செய்யப் போகிறேன்.

நவம்பர் 19

பன்னிரண்டும் முடிந்தது. அளந்தேன்.

ஜூன் 23ஆம் தேதி நான் எழுதியதைப் போய்ப் படியுங்கள். அரை அங்குலத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்டிருந்தேன். கிளி 14¾. மாங்காய் 14½. இரண்டு தாமரையும் 14¼. தாமரையில் துண்டு அதிகம், தையல் அதிகம், அதனால் அதிகம் உள்வாங்கியிருக்கிறது. 14½க்கு ஒன்று குறைந்தாலும் பக்கத்துச் சதுரத்தோடு மூலை சேராது. தாமரையை இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் கொப்பளிக்கும், முயன்று பார்த்துவிட்டேன்.

இன்று எதுவும் செய்யவில்லை. மடித்து பீரோவில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 26

பல்லி விழுந்த மாதிரி ஒரு யோசனை. பெரியதைச் சின்னதாக்கத்தானே முடியும்? பன்னிரண்டையும் 14 ஆக நறுக்கினேன். தைத்தால் 13½. குறைகிற அரை அங்குலத்துக்கு, ஒவ்வொரு சதுரத்தைச் சுற்றியும் கருநீலப் பட்டி. முக்கால் அங்குல அகலத்துக்கு வெட்டினால் இரண்டு பக்கத் தையலும் போக இரண்டு நூல் தெரியும். மறுபடி 14. சதுரமும் சதுரமும் சேரும் இடத்தில் பட்டியும் பட்டியும் சேர்ந்து அரை அங்குலக் கோடாகிறது. இதற்கெல்லாம் கை வேண்டாம், மிஷினில் நேர்கோடாக ஓட்டினேன்.

நாலு சதுரம் சேர்த்ததும் நாற்காலியில் போட்டுவிட்டுக் கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தேன். அதே கிளிப்பச்சை, அதே அரக்கு, போன வாரம் பார்த்த அதே துணிதான். ஆனால் யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருக்கிறது. மஞ்சளைக் கேட்கவே வேண்டாம். ஆறு மாதமாக இருட்டு வெளிச்சம் என்று இங்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், காடா சுருங்கியதால் அல்லவா அந்தக் கோட்டைப் போட்டேன்! என் திட்டத்தில் அது இல்லவே இல்லை.

டிசம்பர் 17

நடுவில் என்ன வைப்பது என்ற கேள்வி. பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு கடையில் கிடைக்கும். உப்பலாக இருக்கும், ஆனால் வேர்க்கும். நான் பழைய எட்டு முழ வேட்டி இரண்டை இரண்டு அடுக்காக வைத்தேன். வேட்டி 144 அங்குலம், பன்னா 50. இரண்டாக வெட்டி நீளவாக்கில் போட்டால் 72தான், போர்வை 74. அரை மணி நேரம் திட்டிக்கொண்டிருந்துவிட்டு, திருப்பிக் குறுக்கே போட்டேன். 62 அங்குலமாக இரண்டு துண்டு, பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் 74ஐத் தாண்டி மிச்சம். இணைக்கும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றை ஏற்றாதீர்கள், தழும்பு மாதிரி மேலே தெரியும். ஓரத்தோடு ஓரம் முட்டவைத்துக் கச்சாத் தையல் போதும். இரண்டு அடுக்கின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் தள்ளி வையுங்கள்.

வங்காளத்துக் காந்தா போர்வையும், கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்தார் தைக்கும் கவுதிப் போர்வையும் பழைய துணி அடுக்குதான். அம்மாவிடம் அதைச் சொன்னேன். “எங்க பாட்டி கந்தல் மெத்தை தைப்பாங்களே, அதுவா?” என்றாள். அதேதான். இப்போது ஒட்டுப் பற்றிப் பேசுவதில்லை. மதியம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மூலையில் நூலோட்டுகிறாள். அவள் தையல் என்னுடையதைவிடச் சின்னது.

2024 பிப்ரவரி 4

முடிந்தது. பொங்கலுக்குத் தருவதாகச் சொன்னது. தை பிறந்தது, போர்வை பிறக்க இருபது நாள் தாமதம். துவைத்ததில் ஒன்றேகால் அங்குலம் சுருங்கியது, வரிகள் எல்லாம் சுருக்கம் விழுந்து நன்றாக இருக்கிறது. சிவப்பு ஒழுகவில்லை. கூடுதல் இலையைத் தங்கை மகள் கண்டுபிடிக்கவில்லை, அவளோடு தங்கியிருக்கும் பெண் கண்டுபிடித்துவிட்டாளாம்.

பிப்ரவரி 5

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஒட்டுத் துணியையெல்லாம் பிரித்து மாற்றவா என்று கேட்கிறார். பிரிக்காதீர்கள், ஒன்றரை வருட உழைப்பு. முதலில் மயிலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எம்பிராய்டரி நூலில் மூன்று இழை எடுத்து மயிலின் ஓரத்தை ஒட்டிச் சங்கிலித் தையல் ஒரே ஒரு சுற்று. கறுப்பு வேண்டாம், கருநீலம். உங்கள் அடித்துணி ரோஜா நிறம், கறுப்புப் போட்டால் இரங்கல் அட்டை மாதிரி ஆகிவிடும். பிறகு நாலடி தள்ளி நின்று, விளக்குப் போடும் முன் பாருங்கள்.

பிப்ரவரி 19

படம் பார்த்தேன். மயில் தெரிகிறது. மாங்காய்களுக்கும் ஓரம் போடலாமா என்றால், எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஒன்று விட்டு ஒன்று போடுங்கள். சில மாங்காய் பின்னால் போகட்டும், மயில் முன்னால் வர அது தேவை. மூன்று இழை உங்கள் துணிக்குத் தடிப்பாகத் தெரிகிறது. வாலுக்கு இரண்டு போதும்.